மறுப்பார் இல்லாத அறை: டார்க்த்ரோனின் இரண்டு ஆல்பங்கள்

1992 பிப்ரவரியில் 'எ பிளேஸ் இன் தி நார்தர்ன் ஸ்கை' வந்தது. 1994 பிப்ரவரியில் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' வந்தது. நார்வேயின் பிளாக் மெட்டலைப் பற்றி எழுதுகிற யாரும் இந்த இரண்டையும் தாண்டிப் போய்விட முடியாது. இரண்டும் டார்க்த்ரோன் குழுவினுடையவை. இரண்டையும் வெளியிட்டது இங்கிலாந்தின் பீஸ்வில் நிறுவனம். இரண்டின் உறையிலும், முகத்தில் பிணச்சாயம் பூசிய ஒருவரின் கறுப்பு வெள்ளைப் படம். இரண்டைப் பற்றியும் பேசும்போது 'கரடுமுரடான ஒலி' என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வது ரசிகர்களின் வழக்கமும்கூட.

அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் அந்த ஒரு வார்த்தை போதாது என்று தெரிந்துவிடும். முதல் ஆல்பத்தின் கரடுமுரடு, நான்கு பேர் ஒரு ஸ்டூடியோவில் கூடி உருவாக்கி, பிறகு வெளியீட்டாளரோடு மல்லுக்கட்டிக் காப்பாற்றிக்கொண்டது. இரண்டாவதன் கரடுமுரடு, ஒரே ஒருவர் தனியறையில், வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாமல் உருவாக்கியது. இசையில் தெரியும் வேறுபாடும், இசைக்கு வெளியே நேர்ந்த அவலமும் இந்த ஓர் இடத்திலிருந்தே கிளைக்கின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

கோல்போட்ன் பையன்கள்

ஆஸ்லோவுக்குத் தெற்கே உள்ள சாதாரணப் புறநகர் கோல்போட்ன். 1986-இல் அங்கே சில பையன்கள் 'பிளாக் டெத்' என்ற பெயரில் ஆரம்பித்த குழு, ஓரிரு ஆண்டுகளில் டார்க்த்ரோன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. டிரம்ஸில் யில்வே நாகெல், கிட்டாரிலும் குரலிலும் டெட் ஷெல்லும், இன்னொரு கிட்டாரில் இவார் எங்கர், பேஸில் டாக் நில்சன். முதல் மூவரைத்தான் பின்னாளில் உலகம் ஃபென்ரிஸ், நாக்டர்னோ கல்ட்டோ, ஸெஃபிரஸ் என்ற பட்டப்பெயர்களில் அறிந்தது.

பிளாக் மெட்டல் அவர்களுடைய முதல் வீடு இல்லை. 1991-இன் தொடக்கத்தில் வந்த முதல் ஆல்பமான 'சோல்சைட் ஜர்னி' முழுக்க முழுக்க டெத் மெட்டல். அதைப் பதிவு செய்த இடம் ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டூடியோ. ஸ்வீடன் டெத் மெட்டலின் தடித்த கிட்டார் ஒலி பிறந்த பட்டறை அது. நொடிக்கு நொடி திசை மாறும் தாளங்கள், பின்னிப் பின்னிப் போகும் ரிஃப்புகள், இடையே மிதக்கும் கீபோர்டு என்று, இருபது வயதுகூட நிரம்பாத பையன்கள் செய்தது என்று சொன்னால் நம்ப முடியாத வேலைப்பாடு. இரண்டாவது ஆல்பத்துக்கான டெத் மெட்டல் பாடல்களையும் தயார் செய்து ஒத்திகைப் பதிவுவரை போயிருந்தார்கள். அதை அப்படியே கிடப்பில் போட்டார்கள். 'கோட்லார்ட்' என்ற பெயரில் அது வெளியே வந்தது 1996-இல்தான்.

இடையில் நடந்தது என்ன? ஆஸ்லோவில் மேஹெம் குழுவின் கிட்டார்க்காரர் யூரோனிமஸ் 'ஹெல்வெட்டெ' என்ற இசைத்தட்டுக் கடையைத் திறந்திருந்தார். டெத் மெட்டல் பணத்துக்கும் புகழுக்கும் விலைபோய்விட்டது, பழைய பாத்தரி, செல்ட்டிக் ஃப்ராஸ்ட் இசையில் இருந்த தீமையின் வாடையை மீட்டெடுக்க வேண்டும் என்பது அவருடைய பிரச்சாரம். டார்க்த்ரோன் பையன்கள் அதில் விழுந்தார்கள். பேஸ் வாசித்த நில்சனுக்கு இந்தத் திருப்பம் பிடிக்கவில்லை. விலகிக்கொள்வதாகச் சொன்னவர், போகும்முன் அடுத்த ஆல்பத்துக்குத் தன் பங்கை வாசித்துக் கொடுத்துவிட்டுப் போனார். குழுவுக்குள்ளேயே ஒரு மறுப்புக் குரல் இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டூடியோவும் அறையும்

'பிளேஸ்' பதிவானது 1991 ஆகஸ்ட்டில், கோல்போட்னிலேயே இருந்த கிரியேட்டிவ் ஸ்டூடியோவில். செலவு குறைவு, வேகம் அதிகம். ஆனாலும் அது ஸ்டூடியோதான். தனித்தனி மைக்குகள், ஒலிப்பதிவு மேசை, இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ் என்று குழுவாக வாசித்த பதிவு. டிரம்ஸைச் சுற்றி ஈரமான எதிரொலி இருக்கிறது. காலி மண்டபத்தில் வாசிப்பதுபோன்ற இடவெளி கேட்கிறது. பேஸ் தன் பாட்டுக்குக் கிட்டாருக்கு அடியில் நகர்வதையும் பிரித்துக் கேட்க முடிகிறது.

இந்தப் பதிவைக் கேட்ட பீஸ்வில் நிறுவனத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'சோல்சைட் ஜர்னி'யின் அடுத்த பாகத்தை எதிர்பார்த்திருந்தவர்கள் அவர்கள். ஒலி மெலிந்திருக்கிறது, மறுபடி மிக்ஸிங் செய்ய வேண்டும் என்றார்கள். குழு மசியவில்லை. இப்படியே வெளியிடுங்கள், இல்லையென்றால் யூரோனிமஸின் டெத்லைக் சைலன்ஸ் நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டது. பீஸ்வில் இறங்கி வந்தது. ஆல்பம் பதிவான கோலத்திலேயே வெளியானது. ஃபென்ரிஸுக்கு அப்போது வயது 20.

'ஹங்கர்' பதிவான கதை வேறு. இடையில் 1993-இல் 'அண்டர் எ ஃபியூனரல் மூன்' என்ற மூன்றாவது ஆல்பம் வந்தது. டெத் மெட்டலின் கடைசித் தடயத்தையும் துடைத்தெறிந்த பதிவு அது. அத்தோடு ஸெஃபிரஸ் விலகினார். மிஞ்சியது இருவர். 1993 நவம்பர், டிசம்பரில் ஃபென்ரிஸ் தன் வீட்டிலேயே, 'நெக்ரோஹெல்' என்று பெயர் சூட்டிய அறையில், நாலு ட்ராக் கேசட் ரெக்கார்டர் ஒன்றில் அடுத்த ஆல்பத்தைப் பதிவு செய்தார். டிரம்ஸ், கிட்டார், பேஸ் எல்லாமே அவர்தான். நாக்டர்னோ கல்ட்டோ செய்தது பாடியது மட்டும்.

நாலு ட்ராக் கேசட் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். சாதாரண ஒலிநாடாவின் அகலத்தை நாலாகப் பிரித்து, ஒவ்வொரு கீற்றிலும் ஓர் ஒலியை ஏற்றுகிற கருவி அது. டிரம்ஸுக்குப் பத்து மைக் வைத்துப் பிரித்துப் பதிவதெல்லாம் அதில் நடக்காது. குரலுக்கும் இடம் விட்டாக வேண்டும் என்பதால், ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசிக்கொண்டே போகும் ஆடம்பரம் கிடையாது. நாடாவின் இரைச்சல் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும். இதன் விளைவை 'ஹங்கர்' முழுவதிலும் கேட்கலாம். கிட்டாரின் மேல் ஒலிகள் மட்டும் கூர்மையாக முன்னே வந்து நிற்கின்றன, பேஸ் ஏறக்குறைய காணாமல் போகிறது, டிரம்ஸ் சுவருக்கு அந்தப் பக்கம் தட்டப்படுவதுபோல் இருக்கிறது. 'பிளேஸி'ல் ஓர் இடத்தின் ஒலி உண்டு. 'ஹங்கரி'ல் இடம் என்பதே இல்லை. தட்டையான ஒரு பரப்பு, அதில் ஒரு கோடு.

திருப்பங்களும் திருப்பமின்மையும்

'பிளேஸி'ல் ஆறு பாடல்கள், ஏறத்தாழ 42 நிமிடம். 'ஹங்கரி'ல் எட்டு, ஏறத்தாழ 39 நிமிடம். நீளத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அந்த நிமிடங்களுக்குள் நடப்பது முற்றிலும் வேறு.

'பிளேஸி'ன் முதல் பாடல் 'கதேரியன் லைஃப் கோட்' 10 நிமிடம் 39 நொடி. மந்திரம் ஓதுவதுபோன்ற உறுமல்களும், மெதுவாக விழும் டிரம்ஸ் அடிகளுமாகத் தொடங்குகிறது. கேட்பவர் இது இப்படியே போகும் என்று நினைக்கத் தொடங்கும்போது பாட்டு வெடித்துக் கிளம்புகிறது. பிறகு வேகம் அடங்கி, கனத்த ரிஃப்புகள் நிதானமாக நடக்கும் பகுதி வருகிறது. மறுபடி ஓட்டம். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஒவ்வொரு தடவையும் டிரம்ஸ் முன்கூட்டியே சைகை காட்டுகிறது, கிட்டார்கள் நிமிர்ந்து திரும்புகின்றன. எழுதி, ஒத்திகை பார்த்து, எங்கே திரும்புவது என்று ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துத் தீர்மானித்த இசை இது. இரண்டாவது பாடலான 'இன் தி ஷேடோ ஆஃப் தி ஹார்ன்ஸ்' செல்ட்டிக் ஃப்ராஸ்ட் பாணியில் தலையை ஆட்டவைக்கும் நடுவேக நடையோடு வருகிறது. ஆல்பத்தின் வேறு இடங்களில் பழைய ஹெவி மெட்டல் முறையிலான கிட்டார் தனிவாசிப்புகள்கூட எட்டிப்பார்க்கின்றன. டெத் மெட்டல் காலத்து மிச்சங்கள் இந்த ஆல்பத்தில் கலந்திருப்பதை ஃபென்ரிஸே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அவர் அதைக் குறையாகச் சொல்லியிருக்கலாம். கேட்பவருக்கு அது குறையாகப் படுவதில்லை. பழைய கைத்திறனும் புதிய வெறுப்பும் ஒரே பாட்டுக்குள் இடித்துக்கொள்வதில்தான் ஆல்பத்தின் விறுவிறுப்பே இருக்கிறது.

'ஹங்கரி'ன் முதல் பாடல் ஆல்பத்தின் பெயரையே கொண்டது. 6 நிமிடம் 10 நொடி. முன்னுரை கிடையாது. பிக்கை மேலும் கீழும் விடாமல் அடித்து ஒவ்வொரு சுரத்தையும் நடுங்க வைக்கும் ட்ரெமலோ முறையில் ஒரு ரிஃப் வருகிறது. ஏறி இறங்கும் சில சுரங்கள், சோகத்துக்கும் மிரட்டலுக்கும் நடுவே எங்கோ நிற்கும் ஒரு மெட்டு. அது திரும்ப வருகிறது. மறுபடியும் வருகிறது. அடுத்த ரிஃப் வரும்போதும் டிரம்ஸ் மாறுவதில்லை, வேகம் மாறுவதில்லை, ஒலியின் அளவு மாறுவதில்லை. சுரங்கள் மட்டும் இடம் பெயர்கின்றன. முதல் இரண்டு நிமிடம் இது வெறும் இரைச்சலாகப் படும். மூன்றாவது நிமிடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த கிட்டார் ஒலிக்குள்ளிருந்து யாருமே வாசிக்காத இன்னொரு மெட்டு கேட்பதுபோல் தோன்றத் தொடங்கும். காது மாற்றத்தைத் தேடித் தேடிச் சலித்து, கடைசியில் மாறாததற்குள்ளேயே நுணுக்கம் பார்க்கப் பழகிவிடுகிறது. இந்த ஆல்பம் கேட்பவரிடம் எதிர்பார்ப்பது அந்தப் பழக்கத்தைத்தான்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம்: 'ஹங்கரி'ல் டிரம்ஸ் செய்வது மிருதங்கத்தின் வேலையில்லை, தம்புராவின் வேலை. அது எதையும் அறிவிப்பதில்லை, எதற்கும் பதில் சொல்வதில்லை. எல்லாம் நடப்பதற்கான தரையாகக் கிடக்கிறது.

ஒரு டிரம்மர் டிரம்ஸைத் துறந்த கதை

இந்தத் தரையைப் போட்டவர் யார் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். ஃபென்ரிஸ் அடிப்படையில் டிரம்ஸ்காரர். 'சோல்சைட் ஜர்னி'யில் அவர் கைகள் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. 'பிளேஸி'லும் அந்தக் கைகள் முழுதாக அடங்கவில்லை. ரிஃப் மாறும் இடங்களில் டாம்களின்மேல் ஓர் உருட்டு, சிம்பலில் ஒரு வெட்டு, மெதுவான பகுதிகளில் ஸ்னேரைச் சற்றுப் பின்னிழுத்து விழவைக்கும் கனம் என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது.

அதே மனிதர் 'ஹங்கரி'ல் பெரும்பாலும் ஒரே அடியை அடித்துக்கொண்டிருக்கிறார். அதுவும் உச்ச வேகம் இல்லை. டெத் மெட்டல் டிரம்ஸ்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு எட்டிய வேகங்களோடு ஒப்பிட்டால் சாவகாசமான வேகம். கலைஞன் ஒருவன் தன் பலவீனத்தை மறைக்க எளிமையை நாடுவது சாதாரணம். இங்கே நடந்தது தலைகீழ். தனக்குக் கைவந்த ஒன்றை முதலில் அடக்கிவிட்டு, தனக்கு இரண்டாம் கருவியான கிட்டாரிடம் பாட்டை ஒப்படைத்திருக்கிறார். தேர்ந்த கிட்டார்க்காரர் ஒருவர் வாசித்திருந்தால் அலங்காரம் தானாக வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே விரல்கள் தெரிந்த மெட்டைவிட்டு விலகுவதே இல்லை. அதனாலேயே மெட்டுகள் நிர்வாணமாக நிற்கின்றன.

இன்னொரு காரணமும் இருக்கலாம். தனியாக எல்லாவற்றையும் வாசிப்பவர் பொதுவாக டிரம்ஸை முதலில் பதிவு செய்துவிட்டு, அதன்மேல் மற்றவற்றை ஏற்றுவார். கூட வாசிக்க ஆள் இல்லாதபோது திருப்பங்கள் நிறைந்த தாளம் ஆபத்தானது, மாறாத தாளம் பத்திரமானது. ஆக, கருவியின் வறுமையும் ஆளின் தனிமையும் கொள்கையின் பிடிவாதமும் ஒரே திசையில் தள்ளியிருக்கின்றன. அந்த மூன்றும் இப்படி ஒத்துப்போன ஆல்பங்கள் ராக் இசையில் அதிகம் இல்லை.

குரலும் சொல்லும்

இரண்டிலும் பாடியவர் நாக்டர்னோ கல்ட்டோ. 'பிளேஸி'ல் அவர் குரல் டெத் மெட்டலின் அடித்தொண்டை உறுமலிலிருந்து மேலே ஏறி, இழுத்துக் கரகரக்கும் புதிய கூச்சலை அப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறது. எதிரொலி பூசிய அந்தக் குரலில் நாடகத்தன்மை உண்டு. சில இடங்களில் ஒரு சிரிப்பு, ஒரு முனகல் என்று நடிப்புகூட உண்டு. 'ஹங்கரி'ல் நடிப்பு உதிர்ந்துவிட்டது. கிட்டார்போலவே குரலும் ஒரே தளத்தில் நிற்கிறது. காய்ந்துபோன, ஈரமே இல்லாத குரல்.

சொற்களின் மொழியும் மாறியிருக்கிறது. 'பிளேஸி'ன் பாடல்கள் அனைத்தும் ஆங்கிலம். வெளிநாட்டு வெளியீட்டாளர், வெளிநாட்டு ரசிகர்கள் என்று கண்முன்னே ஒரு கூட்டம் இருந்தது. 'ஹங்கரி'ல் பெரும்பகுதி நார்வேஜியன். மலைகள், முட்புதர்கள், தொலைவில் ஒரு கோட்டை, அடர்ந்த காட்டில் ஒரு குன்று என்று பாடல் தலைப்புகளிலேயே ஊர் நிலப்பரப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. மொழி தெரியாதவர்களுக்குப் புரியவைக்கும் அக்கறை போய்விட்டது. இங்கேயும் கதவு சாத்தப்பட்டிருக்கிறது. சாத்திய கதவுக்குள் இசை இன்னும் செறிவானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அந்த அறைக்குள் ஒருவரை மட்டும் அழைத்திருந்தார்கள். கடைசி நான்கு பாடல்களின் வரிகளை எழுதியவர் பர்ஸம் என்ற ஒற்றையாள் திட்டத்தின் வார்க் விக்கர்னெஸ். 1993 ஆகஸ்ட் 10 அன்று யூரோனிமஸைக் கத்தியால் குத்திக் கொன்றவர். 'ஹங்கர்' பதிவானபோது அவர் காவலில் இருந்தார். 1994 மே மாதம், கொலைக்கும் தேவாலயங்களை எரித்ததற்கும் சேர்த்து அவருக்கு 21 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 'பிளேஸ்' ஆல்பத்தை டார்க்த்ரோன் காணிக்கையாக்கியது யூரோனிமஸுக்கு. அடுத்த ஆல்பத்துக்கு அடுத்த ஆல்பத்தில் பாதிப் பாடல்களின் வரிகள், அவரைக் கொன்றவருடையவை. போதாததற்கு, ஏழாவது பாடலின் முடிவில் ஒரு குரலைப் பின்னோக்கி ஓடவிட்டு, தேவாலயங்கள் எரியட்டும் என்ற செய்தியையும் ஒளித்து வைத்திருக்கிறார்கள். 1992 ஜூனில் பெர்கன் அருகே ஃபான்டாஃப்ட் மரத்தேவாலயம் எரிந்து சாம்பலானது முதல் நார்வேயில் தேவாலயங்கள் உண்மையாகவே எரிந்துகொண்டிருந்த காலம் அது. வெறும் மேடைப் பயமுறுத்தல் என்று அதைத் தள்ளிவிட முடியாது.

இரண்டு சண்டைகள்

இரண்டு ஆல்பங்களைச் சுற்றியும் தகராறு நடந்தது. அந்தத் தகராறுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும்.

1992-இன் சண்டை ஒலியைப் பற்றியது. வெளியீட்டாளர் ஒரு யோசனை சொன்னார், குழு மறுத்தது, குழு ஜெயித்தது. இன்று பார்த்தால் குழு சொன்னதுதான் சரி. மறுபடி மிக்ஸிங் செய்து தடிப்பாக்கியிருந்தால் 'பிளேஸ்' சற்று விசித்திரமான டெத் மெட்டல் ஆல்பமாக முடிந்திருக்கும்.

1994-இன் சண்டை வேறு ரகம். 'ஹங்கர்' ஆல்பத்தின் உறையில் அவர்களே வைத்த அடைமொழி, 'நார்வே ஆரிய பிளாக் மெட்டல்'. கூடவே ஓர் அறிக்கையும் விட்டார்கள். இந்த ஆல்பம் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டது, விமர்சிப்பவர் எவராயினும் அது யூதத்தனமான நடத்தை என்பது அதன் சாரம். விநியோகஸ்தர்கள் கொதித்தார்கள், புறக்கணிப்புப் பேச்சு எழுந்தது. நார்வே இளைஞர்களின் பேச்சுவழக்கில் அந்தச் சொல்லுக்கு வெறும் வசைப் பொருள்தான் என்று குழு பிறகு விளக்கம் சொன்னது. அந்த விளக்கத்தை ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொண்டாலும், 'ஆரிய' என்பதற்கு எந்தத் தெருப்பேச்சிலும் சாக்கு கிடையாது. ஓர் இனத்தின் பெயரே வசைச்சொல்லாகப் புழங்குவது அந்த இனத்தின்மேலான வெறுப்பிலிருந்து பிறந்ததுதான் என்பதையும் அந்த விளக்கம் தொடவில்லை.

பீஸ்வில் இந்த முறை செய்தது யோசிக்க வேண்டியது. குழுவின் கூற்றுகளை ஆமோதிக்கவில்லை என்று அறிவித்தது, ஆனால் கலைஞரைத் தணிக்கை செய்யும் இடத்தில் தாங்கள் இல்லை என்று சொல்லி ஆல்பத்தை வெளியிட்டது. இரண்டாண்டுக்கு முன் டிரம்ஸும் கிட்டாரும் மெலிந்திருக்கின்றன என்று சொல்லி, மாற்றினால்தான் ஆச்சு என்று நின்றவர்கள், இன வெறுப்பு வந்தபோது தங்கள் கருத்தை மட்டும் பதிவு செய்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். முந்தைய சண்டையில் தோற்ற அனுபவம் அவர்களைத் தயங்க வைத்ததா, கொள்கைதான் காரணமா என்பது அவர்களுக்கே வெளிச்சம். விளைவு என்னவோ ஒன்றுதான்: மறுப்பு தேவையில்லாத இடத்தில் உரக்க வந்தது, தேவையான இடத்தில் மெலிந்து வந்தது.

குழுவுக்குள்ளேயும் நிலைமை அதுதான். 1991-இல் டாக் நில்சன் என்று ஒருவர், இது எனக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டு வெளியேறினார். ஸெஃபிரஸும் நாக்டர்னோ கல்ட்டோவும் ஒரே அறையில் நின்று வாசித்தார்கள். 1993-இன் இறுதியில் நெக்ரோஹெல் அறையில் நின்றவர் ஒருவர். கூட இருப்பவர் முகம் சுளிப்பதைப் பார்த்து ஒரு வாக்கியத்தை அடித்துவிடும் வாய்ப்பே இல்லை. விக்கர்னெஸின் வரிகள் வேறு. அந்த அறையின் தனிமை மெட்டுகளைச் சுத்தம் செய்தது. அதே தனிமை, உறைக்கான வாசகங்களை அழுக்காக்கியது. இசையில் எந்தத் தயவும் காட்டாத பிடிவாதத்தைப் புகழ்ந்துவிட்டு, வாசகங்களில் வெளிப்பட்டது வேறொரு குணம் என்று தனியே பிரித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரே கைதான் இரண்டையும் செய்தது.

டார்க்த்ரோன் பின்னாளில் இதிலிருந்து பின்வாங்கியது. 1995-இல் வேறு நிறுவனத்தில் வெளியான 'பான்சர்ஃபவுஸ்ட்' ஆல்பத்தில், தாங்கள் நாஜிக் குழுவோ அரசியல் குழுவோ இல்லை என்று அச்சிட்டார்கள். ஃபென்ரிஸ் 1994-இன் அந்த அறிக்கைக்காகப் பிறகு வருத்தமும் தெரிவித்திருக்கிறார். அந்தச் சொற்கள் திரும்ப அழைக்கப்பட்டாயிற்று என்பது உண்மை. ஆல்பத்தின் வரலாற்றிலிருந்து அவற்றை அகற்ற முடியாது என்பதும் உண்மை.

பின்னால் வந்தவர்கள்

இரண்டு ஆல்பங்களும் விட்டுச்சென்ற சந்ததி வெவ்வேறு. 'பிளேஸ்' ஓர் இயக்கத்துக்கு வாசல் திறந்தது. நார்வேயின் இரண்டாம் அலை பிளாக் மெட்டலின் முதல் முழுநீள ஆல்பங்களில் ஒன்றாக அது வந்தபின், அதே 1992-இல் பர்ஸம், இம்மார்டல் குழுக்களின் முதல் ஆல்பங்களும் வந்தன. 'பிளேஸ்' ஒரு தேசியச் சொத்தாகவே ஆகிவிட்டது என்று சொன்னாலும் தவறில்லை. ஆஸ்லோவில் உள்ள நார்வே தேசிய நூலகம், நாட்டின் பண்பாட்டு வரலாற்றைச் சொல்லும் தன் நிரந்தரக் கண்காட்சியில் பழைய ஆவணங்களோடு இந்த ஆல்பத்தையும் வைத்திருக்கிறது. வெளியீட்டாளரே ஏற்கத் தயங்கிய ஒலிக்கு அரசு நூலகத்தில் இடம்.

'ஹங்கர்' திறந்தது வாசலை இல்லை, ஒரு செய்முறையை. ஒரே ஆள், ஒரு மலிவான ரெக்கார்டர், மாறாத தாளம், ட்ரெமலோ மெட்டு, மங்கலான கறுப்பு வெள்ளை உறை. ஸ்டூடியோவுக்குப் போகக் காசில்லாதவன், குழு சேர்க்க ஆள் கிடைக்காதவன், எங்கோ ஒரு சிற்றூரில் தனித்துக் கிடப்பவன் எவனும் பிளாக் மெட்டல் செய்யலாம் என்ற துணிச்சலை அது கொடுத்தது. அதைத் தொடர்ந்து உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த ஒற்றையாள் ஆல்பங்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் பெரும்பாலானவை சலிப்பூட்டுபவை. காரணம் எளிது. ஃபென்ரிஸ் கழித்ததெல்லாம் தன்னிடம் ஏராளமாக இருந்ததிலிருந்து கழித்தது. கழிக்க எதுவும் இல்லாதவர்கள் கழித்தலின் விடையை மட்டும் நகலெடுத்தார்கள். 'பிளேஸை'க் கேட்காமல் 'ஹங்கரை' மட்டும் கேட்டு ஒருவர் பிளாக் மெட்டல் செய்யக் கிளம்பும்போது நேர்கிற விபத்து இது. ஆரிய அடைமொழியையும் அதே மாதிரி நகலெடுத்து, பிளாக் மெட்டலை நவ நாஜிப் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தியவர்களும் பின்னால் வந்தார்கள். டார்க்த்ரோன் கைகழுவிய பிறகும் அது தொடர்ந்தது.

எதை எப்படிக் கேட்பது

எது சிறந்தது என்று கேட்டால் என் பதில் இரண்டாகப் பிரிகிறது. இசையாக மட்டும் நிறுத்துப் பார்த்தால் 'ஹங்கர்' ஒருபடி மேல். எவ்வளவு குறைவான பொருளைக்கொண்டு எவ்வளவு நேரம் ஒருவரைக் கட்டிப்போட முடியும் என்பதில் அதைத் தாண்டிப் போனவர்கள் சொற்பம். அதன் மெட்டுகள் மறந்துபோவதில்லை. ஆனால் 'பிளேஸி'ல் ஒரு விவாதம் நடந்துகொண்டே இருக்கிறது: பழையதற்கும் புதியதற்கும், திறமைக்கும் துறவுக்கும், விலகிப் போகிறவருக்கும் தங்குகிறவர்களுக்கும். அந்த விவாதம் முடிவதற்குள் ஆல்பம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் எத்தனை முறை கேட்டாலும் அது தீர்ந்துபோவதில்லை.

முதல்முறை கேட்பவருக்கு நான் சொல்வது, வெளியான வரிசையிலேயே கேளுங்கள். முடிந்தால் அதற்கும் முன்னால் 'சோல்சைட் ஜர்னி'யிலிருந்து தொடங்குங்கள். என்னென்ன இருந்தன, எவை எப்போது வெளியே வீசப்பட்டன என்று காது கணக்கு வைத்துக்கொண்டால்தான் 'ஹங்கரி'ன் வெறுமை வெறுமையாக இல்லாமல் சாதனையாகக் கேட்கும். அதோடு சேர்த்து அந்த உறையின் கதையையும் தெரிந்துகொண்டே கேளுங்கள். மெட்டை ரசிப்பதற்காக அந்தக் கதையை மறக்கவும் வேண்டாம், கதையை முன்னிட்டு மெட்டு மட்டம் என்று பொய் சொல்லவும் வேண்டாம். யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத இடத்தில் ஒரு கலைஞன் தன் உச்சத்தையும் தொடலாம், தன் மட்டமான முகத்தையும் காட்டலாம். ஒரே நவம்பர், டிசம்பரில், ஒரே அறையில் இரண்டும் நடந்தன என்பதற்கு இந்த ஆல்பம் சாட்சி.